குறை சொல்லி விற்ற கார்கள்

ஹெரால்டு, மடக்குக் கூரை, வெள்ளை நிறம், 1961ஆம் வருடம், இரட்டைக் கார்புரேட்டர், விலை 190 பவுண்டு. 1960களின் நடுவில் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் இந்த விவரங்களோடு ஒரு சின்ன விளம்பரம் வெளியானது. அதைப் பார்த்து ஒருவர் விற்பவரின் வீட்டுக்குப் போனார். காரைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கத்தில் 1200 என்று உலோக வில்லை பதித்திருந்தது. டிரையம்ப் நிறுவனம் 1961இல் கொண்டுவந்த புதிய ஹெரால்டின் அடையாளம் அது. விளம்பரமும் வில்லையும் ஒத்துப்போனதால் பணத்தைக் கொடுத்துக் காரை எடுத்து வந்தார்.

வண்டி ஓட்டத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டு, ஒர்க்‌ஷாப்பில் விட்டுப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. காரின் பின்பாதிதான் 1961ஆம் வருட ஹெரால்டு 1200. முன்பாதி அதற்கு முந்தைய, சிறிய இன்ஜின் மாடலைச் சேர்ந்தது. இரண்டு கார்களை வெட்டி, நடுவில் வெல்டிங் வைத்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். சாலையில் ஓட்டவே லாயக்கில்லாத வண்டி. இதில் வேதனை என்னவென்றால், விற்றவருக்கும் அது தெரியாது. அவரும் 1961 மாடல் என்று நம்பித்தான் வாங்கியிருந்தார், நம்பித்தான் விற்றார்.

பீல் - டெய்லர் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது. கீழ் நீதிமன்றம் வாங்கியவரைக் கைவிட்டது. 1967இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்று 125 பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 1893ஆம் வருடத்துப் பொருள் விற்பனைச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. விற்கும் பொருள் தரமாக இருக்க வேண்டும் என்ற பிரிவு வியாபாரிகளுக்கு மட்டும்தான். சொன்ன வர்ணனையோடு பொருள் பொருந்த வேண்டும் என்ற பிரிவோ எல்லாருக்கும். வீட்டு வாசலில் நிறுத்தி ஒரே ஒரு காரை விற்கும் சாதாரண மனிதரும் அதற்குக் கட்டுப்பட்டவர். 1961 என்று அச்சில் போட்டால் அது 1961ஆக இருந்தாக வேண்டும்.

சென்னைக்காரர்களுக்கு ஹெரால்டு அந்நியமான பெயர் அல்ல. அதே காரை 1961இலிருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தயாரித்து விற்றது. மூக்கோடு மட்காடும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் அதன் பானெட்டை நினைவில் வைத்திருக்கும் மெக்கானிக்குகள் இங்கே உண்டு. ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, ஹெரால்டை வடிவமைத்த இத்தாலியர் மிக்கெலோட்டியின் கைவண்ணத்திலேயே 1962இல் வந்ததுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். தனி சேஸிஸின் மேல் உடலைப் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டு மாட்டும் அமைப்பு ஹெரால்டுடையது. ரிப்பேர் செய்பவருக்கு அது வரம்; மோசடிக்காரருக்கும் அதுவே வசதி.

இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஐம்பது, அறுபது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்பவர் அதன் குறைகளைத் தானே பட்டியல் போட்டுக் கொடுக்கிறார். இடது கதவில் நெல்லளவு பெயிண்ட் உதிர்ந்திருக்கிறது, கடிகாரம் ஓடவில்லை, இரண்டாவது கியர் குளிரில் சற்று முரண்டு பிடிக்கும் என்று விளம்பரத்திலேயே எழுதுகிறார். பழைய கார் வியாபாரத்துக்கும் உண்மைக்கும் வெகுதூரம் என்று நம்பிய ஒரு தொழிலில் இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பது நெடிய கதை. அந்தக் கதையில் சட்டத்துக்கும் துருவுக்கும் சம பங்கு உண்டு.

லண்டனில் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையை ஒட்டி வாரன் தெரு இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் பிரிட்டனின் பழைய கார் வியாபாரத்துக்கு அதுதான் தலைநகரம். ஷோரூம் வைத்திருந்தவர்கள் சிலர். நடைபாதை ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு, சட்டைப்பையில் நோட்டுக் கட்டோடு நின்றவர்கள் பலர். பேரம் நின்றபடியே முடியும். ரசீது கேட்பது வழக்கம் இல்லை.

போர் முடிந்ததும் அந்தத் தெருவுக்கு யோகம் அடித்தது. நாடு கடனில் மூழ்கியிருந்தது, டாலர் தேவைப்பட்டது. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே இரும்பு ஒதுக்கீட்டில் முன்னுரிமை கிடைத்தது. புதிய கார்கள் கப்பலேறின. உள்ளூர்க்காரர்கள் பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அதனால் ஓட்டிய காரின் விலை புதுக் காரின் விலையைத் தாண்டிப் போனது. புதுக் கார் கிடைத்தவர் அதை உடனே விற்று லாபம் பார்க்காதபடி, குறிப்பிட்ட காலம் வரை விற்கமாட்டேன் என்று கையெழுத்து வாங்கும் முறையை மோட்டார் வியாபாரிகள் சங்கம் கொண்டுவந்தது. பெட்ரோல் ரேஷன் 1950 மே மாதம் வரை நீடித்தது. இப்படிப்பட்ட காலத்தில் எந்தக் காரும் விற்கும். குறை சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

வாரன் தெருவின் இருண்ட முகத்தை நாடு முழுவதும் பார்த்தது 1949 அக்டோபரில். ஸ்டான்லி செட்டி என்ற கார் வியாபாரி கையில் பெரும் ரொக்கத்தோடு காணாமல் போனார். அவர் உடலின் பகுதி எசெக்ஸ் சதுப்பு நிலத்தில் கிடைத்தது. சிறு விமானத்திலிருந்து வீசப்பட்டது அது என்று போலீஸ் கண்டுபிடித்தது. அந்த வழக்கைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தபோது, பழைய கார் வியாபாரி என்றாலே கள்ளச்சந்தைக்காரர் என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்தது. அந்தத் தெருவில் நாணயமாகத் தொழில் செய்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கெட்ட பெயர்.

நாணயமானவரே தவறான தகவல் சொல்ல முடியும் என்பதை 1957ஆம் வருட ஆஸ்கர் செஸ் - வில்லியம்ஸ் வழக்கு காட்டியது. வில்லியம்ஸ் என்பவர் புதிய ஹில்மன் மின்க்ஸ் வாங்குவதற்காகத் தன் வீட்டு மாரிஸ் டென் காரை வியாபாரியிடம் மாற்றுக்குக் கொடுத்தார். பதிவுப் புத்தகத்தில் 1948 என்றிருந்தது. அவரும் அப்படியே சொன்னார். வியாபாரி 290 பவுண்டு கழித்துக்கொண்டார். மாதங்கள் கழித்துத்தான் அது 1939 மாடல் என்று தெரியவந்தது. யாரோ ஒரு முந்தைய உரிமையாளர் பதிவுப் புத்தகத்தைத் திருத்தியிருக்க வேண்டும். போரின்போது கார் உற்பத்தி நின்றுபோனதால் 1939 மாரிஸுக்கும் 1948 மாரிஸுக்கும் தோற்றத்தில் வித்தியாசம் இல்லை. உண்மை தெரிந்திருந்தால் 175 பவுண்டுதான் கொடுத்திருப்பேன் என்றார் வியாபாரி. நீதிபதி டென்னிங்கும் இன்னொரு நீதிபதியும் அவருக்கு இரங்கவில்லை. சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வைத்து வருடத்தைச் சரிபார்க்கும் வழி வியாபாரிக்குத்தான் இருந்தது, சாதாரண உரிமையாளருக்கு இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அதே டென்னிங் 1965இல் எதிர்த்திசையில் தீர்ப்பெழுதினார். இம்முறை பேச்சு ஒரு பென்ட்லி காரைப் பற்றியது. வரலாறு தெரிந்த, நன்றாகப் பராமரித்த பென்ட்லி வேண்டும் என்று டிக் பென்ட்லி என்பவர் ஹரால்டு ஸ்மித் நிறுவனத்திடம் கேட்டிருந்தார். இன்ஜினும் கியர்பாக்ஸும் மாற்றிய பிறகு இந்த வண்டி 20,000 மைல்தான் ஓடியிருக்கிறது என்று சொல்லி 1,850 பவுண்டுக்கு விற்றார்கள். உண்மையில் ஓடியது ஏறக்குறைய 1,00,000 மைல். விசாரித்து அறியக்கூடிய இடத்தில் இருந்த வியாபாரி தன் வாய்ச்சொல்லுக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மூன்று வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் பத்தே வருடத்தில் தரை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது புரியும். விற்பவர் என்ன சொன்னார், அதை அறிய அவருக்கு வாய்ப்பு இருந்ததா, எழுதியே கொடுத்தாரா என்ற கேள்விகள் வந்துவிட்டன. பார்த்து வாங்க வேண்டியது வாங்குபவன் பாடு என்ற பழைய வாதம் தனித்து நிற்க முடியவில்லை.

சட்டம் ஒரு பக்கம் இருக்க, பொருளாதாரம் இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற இளம் ஆசிரியர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. நான்காவது இதழ் 1970இல் வெளியிட்டது. அவர் வாதம் எளியது. காரின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே எல்லாக் கார்களுக்கும் நடுத்தரமான ஒரு விலையைத்தான் வாங்குபவர் கொடுப்பார். அந்த விலை, காரை நன்றாக வைத்திருந்தவருக்குக் கட்டாது. அவர் விற்காமல் ஒதுங்கிக்கொள்வார். சந்தையில் மோசமான கார்களே மிஞ்சும். அதைப் பார்த்து விலை மேலும் இறங்கும். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க இந்தக் கட்டுரை முக்கியக் காரணம். நல்ல காரை நல்ல விலைக்கு விற்க நினைப்பவர் அது நல்ல கார் என்று நிரூபித்துக் காட்ட வேண்டும். சிறு குறைகளைத் தானே சொல்லிவிடுவது அப்படி நிரூபிக்கும் வழிகளில் மிகப் பழையது, மிக மலிவானது. ஸ்போர்ட்ஸ் கார் உலகம் இதை எந்தக் கட்டுரையும் படிக்காமல், எம்.ஜி. என்ற காரின் மூலம் கற்றுக்கொண்டது.

ஆக்ஸ்ஃபோர்டில் மாரிஸ் கராஜஸ் என்ற கார் விற்பனை நிலையத்தின் மேலாளர் செசில் கிம்பர், சாதாரண மாரிஸ் கார்களுக்கு ஒய்யாரமான உடல் கட்டி விற்கத் தொடங்கியதிலிருந்து பிறந்தது எம்.ஜி. 1929இல் தொழிற்சாலை ஆபிங்டன் என்ற சிற்றூருக்கு மாறியது. போர் முடிந்த கையோடு அங்கே தயாரான டி.சி. மாடல் மொத்தம் 10,000. அடுத்து வந்த டி.டி. ஏறக்குறைய 30,000, அதில் 23,000க்கும் மேல் அமெரிக்காவுக்கே போனது. பிறகு எம்.ஜி.ஏ. என்ற மாடல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1962இல் எம்.ஜி.பி. வந்தது. 1,798 சி.சி. இன்ஜின், இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர், மடக்கி வைக்கும் துணிக் கூரை. 1980 அக்டோபரில் ஆபிங்டன் தொழிற்சாலை மூடப்படும்போது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. கார்கள் உருவாகியிருந்தன. பணக்காரர் கராஜில் போர்த்தி வைத்த கார் அல்ல இது. ஆசிரியர், நர்ஸ், தபால் அலுவலக எழுத்தர் என எல்லாரும் வாங்கி ஓட்டிய ஸ்போர்ட்ஸ் கார். அதனாலேயே பழைய ஸ்போர்ட்ஸ் காரை எப்படி விற்பது என்ற பாடத்தை ஒரு தலைமுறைக்கே அது சொல்லிக்கொடுத்தது.

முந்தைய எம்.ஜி.ஏவுக்குத் தனி சேஸிஸ் இருந்தது. எம்.ஜி.பி.க்கு உடலும் சட்டகமும் ஒன்றே. கூரை இல்லாத அப்படிப்பட்ட காரில் முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் பிடித்து வைத்திருப்பது கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டி போன்ற பாகம்தான். உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு என்று பல அடுக்காகச் செய்த பாகம் அது. பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் சில்லுக்குள் புகுந்தால் துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே குமிழ் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். அப்போது விற்பவர் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்யலாம். பழைய தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, கார் தொய்ந்துவிடாதபடி முட்டுக்கொடுத்து, புதிய தகட்டை வைத்து வெல்டிங் செய்யலாம். அல்லது ஓட்டையைப் பட்டி பூசி மெழுகிப் பெயிண்ட் அடித்துவிடலாம். இரண்டாவது வேலை ஒரு சனி, ஞாயிறில் முடிந்துவிடும்.

வாங்குபவர்கள் காந்தத்தோடு வரத் தொடங்கியது இதனால்தான். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைச் சில்லிலும், மட்காடின் கீழ்ப்பகுதியிலும், பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் வளைவிலும் வைத்துப் பார்ப்பார்கள். இரும்பிருந்தால் பிடிக்கும், பட்டியிருந்தால் நழுவும். கதவுக்கும் உடலுக்கும் இடையே உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மேலே குறுகி இருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. இருக்கைக்குப் பின்னால் தரைக்கடியில் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரி வைத்திருந்த பெட்டிகளைக் கை விட்டுத் தடவிப் பார்ப்பார்கள், ஆசிட் சிந்தி அவை அரித்துப்போவது சகஜம். கதவில் முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே மயிரிழை போல் ஒரு விரிசல் விழும். அது இந்த மாடலின் பிறவிக் குணம், அதற்காக யாரும் காரை ஒதுக்குவதில்லை. முன்சக்கரத்தின் கிங்பின்னுக்குக் கிரீஸ் அடித்து வந்தார்களா என்பது முக்கியம். ஷாக் அப்ஸார்பரில் எண்ணெய் கசிவது முக்கியம் அல்ல, மாற்றிக்கொள்ளலாம். எதற்குப் பயப்பட வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற இந்தத் தரம் பிரிக்கும் அறிவு கிளப் கூட்டங்களிலும் பத்திரிகைகளிலும் பரவப் பரவ, விற்பவர் மறைத்துப் பேசுவதில் பயன் இல்லாமல் போனது. வருகிறவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று முன்பே தெரியும்.

அன்றைய விளம்பரங்கள் பெரும்பாலும் ஓரிரு வரிதான். 1868இல் தொடங்கிய எக்ஸ்சேஞ்ச் அண்டு மார்ட் என்ற வாரப் பத்திரிகையின் பக்கங்கள் அவற்றால் நிரம்பி வழிந்தன. இடத்துக்குக் காசு என்பதால் குறை சொல்ல இடம் இருக்காது. ஒரே பெண்மணி ஓட்டியது, எப்போதும் கராஜில் நின்றது, புது எம்.ஓ.டி. என்று நல்ல பக்கம் மட்டுமே அச்சேறும். எம்.ஓ.டி. என்பது 1960இல் பிரிட்டன் கொண்டுவந்த கட்டாயத் தகுதிச் சோதனை. முதலில் பத்து வருடப் பழைய கார்களுக்கு, 1967இலிருந்து மூன்று வருடக் கார்களுக்கு. பாதுகாப்புக்காக வந்த இந்த ஏற்பாடு பழைய கார் விற்பனைக்கு எதிர்பாராத சாட்சியைக் கொடுத்தது. பிற்காலச் சான்றிதழ்களில் அன்றைய மைல் கணக்கும் பதிவாகும். ஐந்து இலக்க ஓடோமீட்டர் 99,999ஐத் தொட்டதும் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். 34,000 என்று காட்டுவது 1,34,000ஆகவும் இருக்கலாம். வருடவாரியாக அடுக்கிய பழைய சான்றிதழ்கள் கையிலிருந்தால் சந்தேகத்துக்கு இடம் இல்லை. அதனால்தான் பராமரிப்பு ரசீதுகள், பழைய சான்றிதழ்கள், முந்தைய உரிமையாளர்களின் கடிதங்கள் எல்லாம் அடங்கிய கோப்பு காரோடு சேர்ந்து கைமாறும் பழக்கம் வந்தது. நல்ல கோப்பு உள்ள சுமாரான கார், கோப்பே இல்லாத பளபளப்பான காரை விலையில் முந்துவது இன்று வழக்கம்.

1973இல் பிரிட்டனில் கிளாசிக் கார்ஸ் என்ற மாத இதழ் வெளிவரத் தொடங்கியபோது, அதுவரை வெறும் பழைய கார்களாக இருந்த ஐம்பது, அறுபதுகளின் வண்டிகளுக்கு ஒரு மதிப்பான பெயர் கிடைத்தது. பெயர் வந்ததும் விலை வந்தது, விலை வந்ததும் தரப் பட்டியல் வந்தது. அமெரிக்காவில் ஹேகர்ட்டி என்ற காப்பீட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து நான்கு வரை எண் போடுகிறது. போட்டிக்கு நிறுத்தும் அளவுக்குக் குறையே இல்லாதது ஒன்று. தினம் ஓட்டினாலும் அடிபட்டுத் தேய்ந்தது நான்கு. மூன்றாம் எண்தான் உயிரோட்டமான இடம். நன்றாக ஓடும், பார்க்கவும் அழகு, கிட்டப் போனால் சில கீறல்களும் மங்கலான குரோமும் தெரியும். இருபதடி கார் என்று ரசிகர்கள் அதைச் செல்லமாகச் சொல்கிறார்கள், இருபதடி தள்ளி நின்றால் குறை தெரியாது என்பதால். கிளாசிக் கார் வைத்திருப்பவர்களில் உண்மையாகவே அதை ஓட்டி அனுபவிப்பவர்கள் பெரும்பாலும் இந்த வகைக் காரைத்தான் வைத்திருப்பார்கள். முதல் எண் கார் மழையைக் கண்டால் கராஜை விட்டு நகராது. ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அதைவிடப் பெரிய வஞ்சனை வேறென்ன?

1980களின் பிற்பகுதியில் இந்தச் சந்தைக்கு ஜுரம் கண்டது. 1988 ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி இறந்ததும் ஃபெராரி விலைகள் விண்ணுக்கு ஏறின, மற்றவையும் கூடவே ஏறின. கார் ஓட்டத் தெரியாத முதலீட்டாளர்கள்கூட வாங்கிப் பூட்டி வைத்தார்கள். 1990இல் காற்று இறங்கியது. அந்த வருடம் லண்டன் உயர்நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு, இந்தத் தொழிலின் வரலாற்றில் எல்லாவற்றையும்விடச் சுவையானது.

ஓல்டு நம்பர் ஒன் என்பது ஒரு பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் காரின் பெயர். வூல்ஃப் பார்னாட்டோ 1929இல் டிம் பிர்க்கினோடும் 1930இல் கிளென் கிட்ஸ்டனோடும் சேர்ந்து அதில் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றார். 1932இல் எட்டு லிட்டர் இன்ஜின் மாட்டி புரூக்லேண்ட்ஸ் 500 மைல் பந்தயத்தில் ஓட்டியபோது கிளைவ் டன்ஃபீ என்ற வீரர் அதிலேயே விபத்தில் இறந்தார். நொறுங்கிய காரை மறுபடி கட்டினார்கள். அதன் பிறகும் பல கைகள் மாறி, பல பாகங்கள் மாறின. ரொக்கமும் வேறு கார்களும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கோடி பவுண்டுக்கு அதை வாங்க மிடில்பிரிட்ஜ் நிறுவனம் உரிமையாளர் ஹப்பர்டோடு ஒப்பந்தம் போட்டது. பிறகு, இது உண்மையான ஓல்டு நம்பர் ஒன் அல்ல என்று சொல்லிப் பின்வாங்கியது.

லே மானில் ஓடிய அன்றைய காரிலிருந்து மிஞ்சியிருந்தது மிகக் கொஞ்சமே என்பதை நீதிபதி ஆட்டன் ஒளிக்காமல் எழுதினார். ஆனாலும் அந்தக் கார் ஒரு நாளும் சாகவில்லை என்றார். அதைப் பிரித்துப்போட்டு வேறொன்றை உருவாக்கவில்லை. பந்தயத்துக்குப் பந்தயம் பாகங்கள் மாறிக்கொண்டே, ஒரே அடையாளத்தோடு, அறுபடாத வரலாற்றோடு அது வந்திருக்கிறது. அந்தப் பெயரில் வேறு கார் எதுவும் உரிமை கோரவும் இல்லை. ஆகவே அதுதான் ஓல்டு நம்பர் ஒன் என்று தீர்ப்பளித்து விற்றவர் பக்கம் நின்றார். அறுபதாண்டுக்கால மாற்றங்களை வருடம் வருடமாக ஆவணங்களைக் கொண்டு நீதிமன்றத்தில் காட்ட முடிந்ததால்தான் அந்தத் தீர்ப்பு சாத்தியமாயிற்று. பீல் வழக்கின் ஹெரால்டும் இந்தப் பென்ட்லியும் பாகங்கள் மாறிய கார்களே. ஒன்றில் மாற்றம் மறைந்திருந்தது, மற்றதில் மாற்றமே வரலாறாக எழுதப்பட்டிருந்தது.

எம்.ஜி.பி.க்கும் இந்தக் கேள்வி வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடி எடுத்து, 1988இலிருந்து எம்.ஜி.பி.யின் முழு உடலையே புதிதாக அடித்து விற்கத் தொடங்கியது. துருப்பிடித்த காரின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இருக்கைகளையும் எடுத்துப் புது உடலில் மாட்டிக்கொள்ளலாம். ஏராளமான கார்களை அது காப்பாற்றியது. அப்படிப்பட்ட காரை விற்கும்போது புது உடல் என்று சொல்வதில் யாருக்கும் கூச்சம் இல்லை. ரசீதைக் காட்டி, அதற்காகவே சற்றுக் கூடுதல் விலை கேட்பவர்கள் உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் தொழில் பாரம்பரிய அறக்கட்டளை, தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து, கார் எந்தத் தேதியில் கட்டப்பட்டது, என்ன நிறம், என்ன இன்ஜின் எண், எந்த நாட்டுக்குப் போனது என்று சான்றிதழ் கொடுக்கிறது. கலிஃபோர்னியாவின் வறண்ட காற்றில் துருப்பிடிக்காமல் பிழைத்த கார்கள் கப்பலில் திரும்பி வந்து, ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றிக்கொண்டு பிரிட்டனில் ஓடுகின்றன. அவை முதலில் அமெரிக்காவுக்குப் போனவை என்பதும் இந்தச் சான்றிதழில் தெரிந்துவிடும்.

இதற்குள் ரசனையும் மாறியது. ஒரு காலத்தில் பழைய கார் என்றால் பிரித்துப் போட்டு, டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் செய்து, தொழிற்சாலையிலிருந்து வந்ததைவிடப் பளபளப்பாக நிறுத்துவதுதான் பெருமை. இப்போது பெபிள் பீச் போன்ற பெரிய கார் கண்காட்சிகளில் கை வைக்காமல் காப்பாற்றிய கார்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அசல் பெயிண்ட் வெளிறியிருக்கலாம், தோல் இருக்கை வெடித்திருக்கலாம். அவை அந்தக் கார் வாழ்ந்த வாழ்க்கையின் சாட்சி.

இந்த மாற்றத்துக்குப் பெரிய சாட்சி 1968ஆம் வருடக் கரும்பச்சை ஃபோர்டு மஸ்டாங். ஸ்டீவ் மெக்வீன் புல்லிட் படத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் மேடு பள்ளத் தெருக்களில் பறக்கவிட்ட கார் அது. 1974இல் ரோடு அண்டு டிராக் இதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்து நியூ ஜெர்ஸியில் ஒரு குடும்பம் அதை வாங்கியது. வீட்டுப் பெண்மணி அதில்தான் வேலைக்குப் போய் வந்தார். 1977இல் மெக்வீனே திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினார், அவர்கள் கொடுக்கவில்லை. 1980இல் கிளட்ச் போனதும் நிறுத்தி வைத்தார்கள். 2018இல் அது வெளியே வந்தபோது பெயிண்ட் மங்கி, ஆங்காங்கே நசுங்கி, படப்பிடிப்புக் கேமராவைப் பொருத்துவதற்காக அடியில் வைத்த வெல்டிங் தழும்புகளோடு இருந்தது. எதையும் மறைக்கவில்லை, வெளித்தோற்றத்தில் எதையும் சரிசெய்யவில்லை. 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் மீக்கம் ஏலத்தில் 34 லட்சம் டாலருக்கு ஏலம் முடிந்தது. கட்டணங்களோடு 37 லட்சத்தைத் தாண்டியது. அதை யாராவது அன்போடு பெயிண்ட் அடித்திருந்தால் அந்தத் தழும்புகளோடு அந்தக் கதையும் போயிருக்கும்.

புகழ் இல்லாத சாதாரணக் காருக்கு இந்த நியாயம் அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எம்.ஜி.பி.யின் சில்லில் உள்ள துருவுக்கு யாரும் வரலாற்று மதிப்பு கொடுக்க மாட்டார்கள். மங்கிய குரோமும் கிழிந்த இருக்கை ஓரமும் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகள்; உயிருக்கு ஆபத்தானது குறைக் கணக்கில் சேராது, அது பழுது. 2018 மே மாதத்திலிருந்து பிரிட்டனில் நாற்பது வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்காத கார்களுக்கு எம்.ஓ.டி. கட்டாயம் இல்லை. இதைச் சலுகையாகக் கொண்டாடியவர்கள் உண்டு. ஆனால் விற்பனைக்கு வரும்போது, கட்டாயம் இல்லாவிட்டாலும் விரும்பிச் சோதனை செய்த புதுச் சான்றிதழைக் காட்டும் காருக்குத்தான் கை நீளுகிறது. அறுபது வருடமாக ஒரு சாட்சியை நம்பிப் பழகிய சந்தை அதை எளிதில் விடுவதாக இல்லை.

இன்று ஒரு வரி விளம்பரம் என்ற நெருக்கடி போய்விட்டது. எக்ஸ்சேஞ்ச் அண்டு மார்ட் 2009இல் அச்சை நிறுத்தியது. இணைய ஏலங்களில் விற்பவர்கள் நூற்றுக்கணக்கான படங்களை ஏற்றுகிறார்கள். காரை லிஃப்டில் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டுகிறார்கள். இரவெல்லாம் நின்று குளிர்ந்த இன்ஜின் காலையில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது, புகை எந்த நிறம் என்று வீடியோ எடுக்கிறார்கள். பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவி வந்துவிட்டதால் பட்டி பூசிய இடம் காந்தம் இல்லாமலே தெரிந்துவிடும். ஒவ்வொரு கீறலுக்கும் கிட்டத்தில் ஒரு படம் இருக்கும்.

வாங்குபவர்களும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். எம்.ஜி.பி.யை இளமையில் ஓட்டியவர்களுக்கு வயதாகிறது. அடுத்த தலைமுறையின் கண் ஜப்பானிய மாஸ்டா எம்.எக்ஸ்-5 மேல் விழுந்திருக்கிறது. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை, குறிப்பாக லோட்டஸ் எலானை, மனதில் வைத்து உருவாக்கி 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகம் செய்த கார் அது. 2016இல் அது பத்து லட்சத்தைத் தொட்டது. நம்பகமான இன்ஜின், சொட்டாத எண்ணெய். ஆனால் கூரையிலிருந்து வடியும் மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்பக்கச் சில்லுக்குள் தேங்கி அதையும் துரு தின்னும். முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5 கார்களின் இன்றைய விளம்பரங்களில், கார் வருடத்துக்கும் நிறத்துக்கும் அடுத்ததாக, பின் சில் எந்த வருடம் வெட்டி மாற்றப்பட்டது, யார் வெல்டிங் வைத்தார்கள், வேலை நடந்தபோது எடுத்த படங்கள் எத்தனை என்ற விவரம் வந்துவிடுகிறது.